தூக்கி வைத்த சுண்டுவிரல்

போன மாதம் எங்கள் போட்டோ, டிசைன் கடையில் வேலைக்குச் சேர்ந்த பையன், மூன்றாம் நாள் காலையில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "அண்ணே, கீபோர்டு ஷார்ட்கட் எல்லாத்தையும் இதுல எழுதிக் குடுத்துருங்க. ராத்திரி மனப்பாடம் பண்ணிட்டு வந்துர்றேன்" என்றான். வாய்ப்பாடு கேட்பதுபோல் கேட்டான். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இந்த வேலைக்கு வந்து ஏறக்குறைய 20 வருடம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கம் நிறையும் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். "கன்ட்ரோல்" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

தெரியாமல் இல்லை. நாள் முழுக்க அழுத்திக்கொண்டே இருப்பவன்தான். ஆனால் செலக்‌ஷனை (படத்தில் பிடித்து வைத்த பகுதியை) மறுபக்கம் திருப்ப எதை அழுத்துகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டபோது வாய்க்கு வரவில்லை. இடது கையைச் சும்மா மேசைமேல் வைத்து, எதிரே கணினி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் தாமாக மடங்கின. வலது கை எழுந்து 'ஐ' இருக்கும் இடத்தில் இறங்கியது. சரி, கன்ட்ரோல் ஷிப்ட் ஐ. எழுதினேன். இப்படி ஒவ்வொன்றையும் விரலிடம் கேட்டுக் கேட்டுத்தான் அரைப் பக்கம் நிரம்பியது. யாராவது பார்த்திருந்தால், பெட்டி இல்லாமல் ஆர்மோனியம் வாசிக்கிறான் என்று சொல்லியிருப்பார்கள்.

அரைப் பக்கத்தில் இந்த வரி வந்தது: "படத்தைப் பெரிதாக்க, சிறிதாக்க: கன்ட்ரோல் டீ, அப்புறம் ஷிப்டைப் பிடித்தபடி மூலையை இழு." எழுதி முடித்ததும் 'ஷிப்டைப் பிடித்தபடி' என்பதை அடித்தேன். அடித்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் டீ வாங்கப் போயிருந்தான். அந்த அடித்தலைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் மற்ற ஷார்ட்கட்டுகளைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

கடை தங்கச்சிமடத்தில். போட்டோ ஸ்டுடியோ, ஜெராக்ஸ், பிளெக்ஸ் டிசைன் எல்லாம் ஒரே அறை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தக் காற்று அடித்தாலும் உப்போடுதான் வரும். கணினிப் பெட்டியின் திருகுகள் துருவேறும், ஒயர் முனைகளில் பச்சை பூக்கும், கீபோர்டு ஒரு வருடம் தாண்டினால் பெரிய விஷயம். தேய்ந்த கீபோர்டைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடலாம். எங்கள் கீபோர்டில் இடது கன்ட்ரோலில் எழுத்தே இருக்காது. இசட் போயிருக்கும், ஜே பாதி போயிருக்கும். ஸ்க்ரோல் லாக் மட்டும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே மின்னும். அதை இதுவரை யாரும் தொட்டதில்லை.

டீக்கடை டீ, நாய் டி

ஷார்ட்கட்டைத் தமிழில் எழுதுவதில் முதல் சிக்கல், நமக்கு ஒரே ஒரு 'டி'தான். படத்தின் அளவை மாற்றும் கன்ட்ரோல் டீயும், செலக்‌ஷனை நீக்கும் கன்ட்ரோல் டியும் தாளில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் நிற்கும். 'பி'யும் அப்படியே. பென் டூலுக்கு ஒரு பி, பிரஷ்ஷுக்கு ஒரு பி. கடையில் இதற்கென்று ஒரு பேச்சு வழக்கு வைத்திருக்கிறோம்: டீக்கடை டீ, நாய் டி, பேனா பி, பிரஷ் பி. வெளியிலிருந்து கேட்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். "நாய் போட்டியா? இப்ப டீக்கடைக்குப் போ" என்று நான் சொல்ல, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ஒருவர் எழுந்து வாசலைப் பார்த்தார்.

இரண்டாவது சிக்கல், இரண்டு வீட்டுப் பழக்கம். படம் சம்பந்தப்பட்டதெல்லாம் போட்டோஷாப்பில். எழுத்தும் அமைப்பும் கோரல்டிராவில். இரண்டும் எப்போதும் திறந்தே கிடக்கும். கோரலில் கன்ட்ரோல் கியூ என்றால் எழுத்தை வடிவமாக மாற்றுவது. அச்சடிக்கும் இடத்தில் நம் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் சிதையக் கூடாது என்பதற்காக, கடைசியில் எல்லாவற்றையும் பிடித்து ஒரு கன்ட்ரோல் கியூ. அதே விசை போட்டோஷாப்பில் கடையை மூடிவிடும். கோரலில் நாய் டி போட்டால் நகல் எடுக்கும், போட்டோஷாப்பில் செலக்‌ஷன் போய்விடும். கன்ட்ரோல் யூ அங்கே சேர்த்துக் கட்டிய வடிவங்களின் கூட்டத்தைக் கலைக்கும், இங்கே நிறத்தை மாற்றும் பெட்டி வரும். கன்ட்ரோல் எல் அங்கே வடிவங்களை ஒட்டவைக்கும், இங்கே வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்யும் லெவல்ஸ். எந்த மென்பொருள் முன்னால் இருக்கிறது என்பதைக் கண் கைக்குச் சொல்லிவிடும். திருவிழா நேரத்தில், இரவு ஒரு மணிக்கு, சில சமயம் சொல்ல மறந்துவிடும்.

தமிழ் தட்டச்சு உள்ளே வந்தால் கதை இன்னும் வேறு. தமிழ்99 விசைப்பலகை 1999லேயே வந்துவிட்டது. ஆனாலும் டிசைன் கடைகள் வெகுகாலம் பழைய எழுத்துருக்களிலேயே ஓடின, இப்போதும் பல கடைகளில் ஓடுகின்றன. எங்களுக்குப் பாமினி. பாமினியில் ஆங்கில 'வி' அழுத்தினால் 'எ' விழும். போட்டோஷாப்பில் தனியாக 'வி' அழுத்தினால் படத்தை நகர்த்தும் மூவ் டூல் வரும். பெயரை அடித்து முடித்து, எழுத்திலிருந்து வெளியே வராமல், கை வழக்கத்தில் 'வி'யைத் தட்டினால் என்ன ஆகும்? மணமகன் பெயருக்குப் பின்னால் ஓர் 'எ' ஒட்டிக்கொள்ளும். ஒரு கல்யாண பிளெக்ஸில் அப்படி 'எ'யோடு மாப்பிள்ளை நின்றார். நல்லவேளை, தாலி கட்டும் நேரத்தில் யாரும் பேனரைப் பார்ப்பதில்லை. எழுத்தை அடித்ததும் கன்ட்ரோலோடு என்டர் தட்டி வெளியே வந்துவிட்டு, பிறகுதான் அடுத்த விசை. பையனின் தாளில் எல்லாவற்றுக்கும் மேலே இதைத்தான் எழுதினேன்.

மற்றவை எல்லாம் அவனே ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வான். சதுர அடைப்புக்குறி இரண்டும் பிரஷ்ஷைச் சிறிதும் பெரிதுமாக்கும், கூட ஷிப்டைச் சேர்த்தால் ஓரம் மிருதுவாகும் அல்லது கூர்மையாகும். எக்ஸ் தட்டினால் முன்நிறமும் பின்நிறமும் இடம் மாறும், படத்தின் சில பகுதிகளை மறைக்கும் மாஸ்க்கில் வேலை செய்கிறவனுக்கு அது மூச்சு மாதிரி. ஸ்பேஸை அழுத்திப் பிடித்தால் கை வந்து படத்தை நகர்த்தும். கன்ட்ரோல் பூச்சியம் முழுப் படத்தையும் திரைக்குள் கொண்டுவரும், கன்ட்ரோல் ஒன்று நூறு சதவீதத்தில் காட்டும். கன்ட்ரோல் ஜே லேயரை, அதாவது அடுக்கடுக்காக வைத்த படத் தாள்களில் ஒன்றை, நகலெடுக்கும். மூலப்படத்தில் கை வைக்காதே, முதலில் ஜே போடு என்பது எங்கள் தொழிலில் சாமி கும்பிட்டுத் தொடங்குவது மாதிரி.

காக்கா

நான் தொழில் கற்றது கீழக்கரையில், 2006இல், ஒரு பழைய ஸ்டுடியோவில். முதலாளியைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்; அங்கே அண்ணனுக்கு அதுதான் வார்த்தை. பிலிம் காலத்து ஆள். நெகட்டிவ் மேல் கூர்சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து, கன்னத்துத் தழும்பையும் கண்ணடிக் கருமையையும் எடுத்தவர். ஐம்பது வயதுக்கு மேல் கணினிக்கு வந்தவருக்குக் கீபோர்டு பெயர் அடிப்பதற்கு மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் மவுஸ், மெனு. "இமேஜ்... அட்ஜஸ்ட்மென்ட்ஸ்... லெவல்ஸ்..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவார். கண்டக்டர் நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்வதுபோல் இருக்கும்.

எனக்கு அப்போது இருபது வயது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வரிசையில் நிற்கிற ஊர் அது. நான்கு ஆறு அளவுத் தாளில் எட்டுப் படம் அடுக்குவதை ஓர் ஆக்‌ஷனாகப் பதிந்து எஃப் 5இல் வைத்திருந்தேன். ஒரே தட்டு, எட்டு முகம். காக்கா ஒரு படத்தை முடிப்பதற்குள் நான் நாலு பேரை அனுப்பிவிடுவேன். அவர் மவுஸ் மெனுவுக்குப் போகிற வழியிலேயே, பின்னால் நின்றபடி எட்டி அவர் கீபோர்டில் கன்ட்ரோல் எல் தட்டிவிடுவேன். பெட்டி திடீரென்று வந்து நிற்கும். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடர்வார். அது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு உதவி என்று நினைத்தேன்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. முகத்தில் வேலை முடிந்ததும் சேமிப்பதற்கு முன் மறுபடியும் மெனுவுக்குப் போய்ப் படத்தை 180 பாகை திருப்புவார். தலைகீழாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். திருப்பி நேராக்குவார், சேமிப்பார். பிலிம் காலத்தில் பிரிண்டைக் கையில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்த பழக்கமாம். "என்னத்துக்கு காக்கா இது?" என்று ஒருநாள் கேட்டேன். "நேராப் பாத்தா ஆளு தெரியிது தம்பி. தலைகீழா வச்சாத்தான் மூஞ்சி தெரியும்" என்றார். நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஷிப்ட் இடம் மாறியது

கட், காப்பி, பேஸ்ட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர் 2020 பிப்ரவரியில் இறந்தபோது, எங்கள் டிசைனர் வாட்ஸப் குழுவிலும் இரண்டு நாள் அதுவே பேச்சு. இசட், எக்ஸ், சி, வி நாலும் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினிக் காலத்தில், 1980களின் தொடக்கத்தில், அங்கே குடியேறியவை இன்றுவரை நகரவில்லை. இந்த வரிசையை மாற்ற யாருக்கும் துணிச்சல் வராது என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. வீடு மாறாவிட்டாலும் வீட்டுக்குள் இருப்பவர் குணம் மாறலாம் என்று எனக்கு அதற்கு ஒரு வருடம் முன்பே தெரிந்திருந்தது.

விஷயம் இதுதான். 2018 அக்டோபரில் வந்த போட்டோஷாப் பதிப்பில் இரண்டு பழைய வழக்கங்களை மாற்றினார்கள். முதலாவது கன்ட்ரோல் இசட். அதுவரை அது முன்னும் பின்னும் ஆடும் ஊஞ்சல்: ஒரு தட்டுக்குக் கடைசி வேலை போகும், இன்னொரு தட்டுக்குத் திரும்ப வரும். பின்னால் பின்னால் போக ஆல்ட்டையும் சேர்க்க வேண்டும். செய்த திருத்தம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் கன்ட்ரோல் இசட்டை டக் டக்கென்று தட்டி, முன்பு, பின்பு, முன்பு, பின்பு என்று பார்ப்போம். புதிய பதிப்பில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படி பின்னால் போனது, மற்ற எல்லா மென்பொருளிலும் போகிற மாதிரி. நான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று நினைத்து நான்கு படி அழித்திருப்பேன். கடைசி நிலையை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டும் வேலை கன்ட்ரோல் ஆல்ட் இசட்டுக்குப் போயிருந்தது. இது இரண்டு நாளில் பிடிபட்டது. ஏனென்றால் தப்பு நடந்த உடனே கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவதுதான் ஷிப்ட். கன்ட்ரோல் டீ போட்டு மூலையைப் பிடித்து இழுத்தால், பழைய பதிப்பில் படம் ரப்பர் மாதிரி எப்படி வேண்டுமானாலும் போகும்; அகலமும் உயரமும் விகிதம் மாறாமல் இருக்க ஷிப்டைப் பிடிக்க வேண்டும். புதியதில் சும்மா இழுத்தாலே விகிதம் காப்பாற்றப்படும், ஷிப்டைப் பிடித்தால் ரப்பராகிவிடும். நேர் தலைகீழ். யோசித்துப் பார்த்தால் புதிய வழிதான் சரி. முகத்தை நசுக்க வேண்டும் என்று யார் இழுக்கிறார்கள்? புதிதாகக் கற்றுக்கொள்பவனுக்கு எவ்வளவோ நல்லது. ஆனால் என் சுண்டுவிரலில் 12 வருட ஷிப்ட் இருந்தது. போதாததற்கு, அந்த முதல் பதிப்பில் ஷேப் லேயர்களுக்கு மட்டும் பழைய வழக்கமே இருந்தது. கட்டம் வரைந்து இழுத்தால் கை சரி, படத்தை இழுத்தால் கை தப்பு. எங்கள் கடைக்குப் புதிய கணினியும் அந்தப் பதிப்பும் வந்தது 2019 ஜனவரி. மாற்றத்தைப் பற்றிப் படித்தேன், தெரியும் என்று தலையாட்டினேன். தலை ஆடியதே தவிர விரலுக்குச் சேதி போகவில்லை.

ஒடுக்க மூஞ்சி

பிப்ரவரியில் ஒரு நாள் விடியற்காலை வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தெரிந்த தெரு. படகில் வேலை பார்த்தவர், இரவில் நெஞ்சுவலி. சாயந்தரம் அடக்கம், மதியத்துக்குள் பேனர் வேண்டும். கடையைத் திறந்து உட்கார்ந்தேன். நல்ல படம் என்று ஒன்றுதான் இருந்தது, யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. இடது ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். பேனா பி எடுத்து ஓரத்தைச் சுற்றி வந்தேன், வெட்டினேன், கன்ட்ரோல் ஜே. ஆறடிக்கு நாலடி, 72 ரெசல்யூஷன், அகலத்தில் 5184 பிக்சல். மேகமும் வெளிச்சமும் ஏற்கெனவே தயாராக இருக்கும். முகத்தைக் கொண்டுவந்து போட்டேன். டீக்கடை டீ. ஷிப்ட். மூலையைப் பிடித்து இழு. என்டர். எல்லாம் நாலு நொடி. எழுத்து, பிறந்த தேதி, இறந்த தேதி, மனைவி, மக்கள், மருமக்கள். கன்ட்ரோல் கியூ. ராமநாதபுரத்தில் அச்சாகி மதியப் பேருந்தில் வந்துவிட்டது. பன்னிரண்டரைக்குத் தெருமுனையில் கட்டிவிட்டார்கள். இவ்வளவு வேகமாக முடித்துக் கொடுத்ததற்கு எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அவருடைய மகள் கடைக்கு வந்தாள், இறப்புச் சான்றிதழ் மனுவோடு வைக்க ஆதார் ஜெராக்ஸ் எடுக்க. கல்லூரியில் படிக்கிற பெண். எடுத்துக் கொடுத்தேன், காசு வேண்டாம் என்றேன். போகவில்லை. நின்றாள். "அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? பேனர்ல அப்பா வேற மாதிரி இருக்காங்க."

எனக்கு உடனே பதில் வந்தது. அதுதான் இன்றும் உறுத்துகிறது. "குரூப் போட்டோல ஓரத்துல நின்னாங்கல்லம்மா, வைட் லென்ஸ் ஓரத்துல இருக்கறவங்கள இழுத்துக் காட்டும்" என்று சொல்லி, இரண்டு கையையும் விரித்து லென்ஸ் எப்படி இழுக்கும் என்று விளக்கினேன். சொன்னது பொய்யில்லை. அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் இருப்பவர்களை உண்மையிலேயே இழுக்கும், கல்யாண ஆல்பங்களில் கடைசியில் நிற்கும் மாமாக்கள் எல்லாம் அதனால்தான் பருத்துத் தெரிகிறார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கையையும் தன் கன்னத்தில் வைத்து லேசாக அழுத்தி, "அப்பாவுக்கு இப்பிடி ஒடுக்க மூஞ்சிண்ணே" என்றாள். "சரிண்ணே" என்று சொல்லி ஜெராக்ஸை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கை கன்னத்தில் இருந்தது இரண்டு நொடி இருக்குமா? அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பேனர் கோப்பைத் திறந்தேன். மூலப்படத்தை மேலே கொண்டுவந்து போட்டேன். ஐந்தைத் தட்டினேன், பாதி ஊடுருவித் தெரிந்தது. இந்தத் தடவை ஷிப்டைத் தொடாமல் மெதுவாக இழுத்து, நெற்றியும் தாடையும் பொருந்தும்வரை கொண்டுவந்தேன். உயரம் பொருந்தியது. காதுகள் பொருந்தவில்லை. கீழே இருந்த முகம் இரண்டு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது, அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. லென்ஸ் இழுத்திருந்தால் மூலப்படமும் அப்படியேதானே இருக்க வேண்டும். அதில் அவருக்கு ஒடுக்க முகம்தான்.

ஏன் பத்தில் ஒரு பங்கு மட்டும் என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். ஷிப்ட் பிடித்தால் விகிதம் தானாக நிற்கும் என்ற நம்பிக்கையில் என் கை மூலையை எப்போதும் குத்துமதிப்பாகச் சாய்வாக இழுக்கும். துல்லியமாக இழுக்க வேண்டிய அவசியம் இருந்ததே இல்லை. அதனால் படம் கோரமாக நசுங்கவில்லை. கோரமாக நசுங்கியிருந்தால் அப்போதே பார்த்திருப்பேன். தெரியாத ஒருவருக்குக் கொஞ்சம் சதை போட்ட மாதிரி, பார்க்கிறவர்கள் கடந்து போகிற அளவுக்குத்தான் தப்பு. ஜனவரியிலிருந்து எத்தனை முகங்களுக்கு இப்படிச் சதை போட்டிருக்கிறேன் என்று கோப்புகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். நாலாவது கோப்பில் நிறுத்திவிட்டேன்.

விடிவதற்குள் சரிசெய்து அனுப்பி, மறுநாள் முதல் பேருந்தில் வரவழைத்து, நானே ஏணியோடு போய் மாற்றிக் கட்டினேன். அவள் தம்பி வந்து, "ஏண்ணே மாத்துறீங்க?" என்றான். "கலர் கொஞ்சம் சரியா வரலப்பா" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவள் குடத்தோடு குழாய்க்குப் போகிற வழியில் நிமிர்ந்து பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. லென்ஸ் பற்றி நான் சொன்னதை அவளிடம் இன்றுவரை திருத்தவில்லை. போய்ச் சொல்லலாம், ஒரே ஊர்தான், அவளுக்கு இப்போது கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. என்ன சொல்வது? "அம்மா, அன்னைக்கு ஷிப்ட் கீ மாறிப்போச்சு" என்றா?

வெள்ளைப் பக்கம்

கழற்றிய பழைய பேனரைச் சுருட்டிக் கடைக்குப் பின்னால் போட்டு வைத்தேன். கிழித்திருக்க வேண்டும். நம் ஊரில் பிளெக்ஸை யாரும் வீணாக்குவதில்லை. அச்சடித்த பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே வைத்து, கொட்டகைக் கூரைக்கும், வலை மூடுவதற்கும், கருவாடு காயப்போடுவதற்கும் எடுத்துப் போய்விடுவார்கள். அப்போது கடையில் இருந்த பையனிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள், கொடுத்துவிட்டான். எனக்குத் தெரியாது.

அந்த மே மாதம் ஒரு வேலையாகக் குந்துகால் பக்கம் போனேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. வழக்கம்போல் ஆட்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். காச்சான் காற்று மண்ணை வாரி அடித்தது. வலைக் குவியல் ஒன்றின் மேல் வெள்ளையாக ஒரு பிளெக்ஸ். காற்று ஒரு மூலையைத் தூக்கி, அப்படியே மடக்கிப் புரட்டிப் போட்டது. முகம் தலைகீழாகக் கிடந்தது. ஒரு நொடி யார் என்று தெரியவில்லை. கன்னம் மட்டும் தெரிந்தது, அகலமாக.

பக்கத்தில் இருந்தவரிடம், "இது எங்கருந்துண்ணே?" என்று கேட்டேன். "ஆரோ குடுத்தாங்க, ஏன் தம்பி?" என்றார். அவருக்கு அந்த முகம் யாருடையது என்றே தெரிந்திருக்கவில்லை. இத்தனைக்கும் செத்தவர் இதே கரையில் வேலை பார்த்தவர், ஒரே கடல். தெரியாமல் போனதற்கு நான்தான் காரணமா, இல்லை அவர் சரியாகப் பார்க்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒன்றுமில்லைண்ணே என்று சொல்லி, பிளெக்ஸை மறுபடி வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டு, மூலையில் ஒரு கல் வைத்துவிட்டு வந்தேன். கேட்டு வாங்கி வந்திருக்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய ஷிப்டே வேண்டும் என்பவர்களுக்குப் பின்னாளில் ஒரு வசதி வந்தது. பிரிஃபரன்ஸில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும், அளவு மாற்றுவது பழையபடி நடக்கும். இசட்டுக்கும் அப்படி ஒரு டிக் உண்டு. வாட்ஸப் குழுவில் பாதிப் பேர் அன்றே போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. தியாகம் ஒன்றும் இல்லை. கடையில் ஒரே கணினி, இரண்டு பேர் கை வைக்கிறோம். என் கைக்கு ஒரு ஷிப்ட், பையன் கைக்கு ஒரு ஷிப்ட் என்று வைக்க முடியாது. அடுத்த கடைக்குப் போனாலும் அவனுக்குப் புதியதுதான் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு சின்ன வேலை செய்தேன். கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றோடு கே அழுத்தினால் விசைகளை நம் விருப்பத்துக்கு மாற்றும் பட்டியல் வரும். அதில் படத்தை 180 பாகை திருப்பும் கட்டளையைத் தேடிப் பிடித்தேன். அதற்கென்று விசை ஏதும் கிடையாது, காக்கா மெனுவில்தான் போவார். அதற்கு ஒரு எஃப் கீயைக் கொடுத்தேன். இப்போது முகம் உள்ள எந்தக் கோப்பும் அந்தத் தட்டு இல்லாமல் கடையை விட்டுப் போகாது. காக்கா இருந்திருந்தால் அதற்கும் அவசரமா என்று சிரித்திருப்பார்.

பையன் டீயோடு திரும்பி வந்தான். தாளை எடுத்துப் படித்தான். "அண்ணே, இதுல ஒண்ணு அடிச்சிருக்கீங்களே?" என்றான். "அது பழசு, உனக்கு வேணாம்" என்றேன். சரி என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சாயந்தரம் ஒரு மஞ்சள் நீராட்டுப் பேனர் வந்தது. அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் முகத்தைக் கொண்டுவந்து போட்டேன், டீக்கடை டீ, மூலையைப் பிடித்து இழுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, இழுக்கறப்ப எல்லாம் ஏன் சுண்டுவெரல மட்டும் தூக்கி வச்சுக்கிறீங்க? சூடா டீ கிளாஸ் புடிச்ச மாதிரி?"

குனிந்து பார்த்தேன். ஷிப்டுக்கு மேலே, அரை அங்குலம் உயரத்தில் நின்றிருந்தது.